கொசுவலைக்குள் ஒரு பச்சோந்தி

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் இருக்கிற என் தோட்டத்தில் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நடந்தது சரியாக விளங்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து வயதில் பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு காட்டு வழியாக மலை இறங்கியிருக்கிறேன். எனக்கு யாரும் ஒரு பிடி மண்ணைக்கூட எழுதி வைக்கவில்லை. அப்படிப்பட்டவன் தோட்டம் வாங்கினேன், எங்கள் பக்கத்திலேயே முதன்முதலாக மிளகு காயவைக்க சிமெண்ட் களம் போட்டேன், ஜீப் வாங்கினேன். முரட்டு மாட்டை அடக்க வேண்டும் என்றால் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூக்கணாங்கயிற்றை ஒரு இழு, ஒரு அதட்டல், அவ்வளவுதான். கடிக்கிற நாய்கூட என் குரல் கேட்டால் வாலை இடுக்கிக்கொள்ளும். வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தும்போது இரண்டு ஹாரன் நீளமாக அடிப்பேன். நான் உள்ளே நுழையும்போது பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றிருக்கும், வீட்டுக்காரி எழுந்து நிற்பாள். அது எனக்குக் கிடைக்கிற மரியாதை என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பறிப்புக்கு ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதன் கணுவில் விட்டிருக்கிற குச்சியில் காலை வைத்துத்தான் ஏறிப் பறிக்க வேண்டும். ஒரு மரத்தில் கொடி உச்சி வரைக்கும் போயிருந்தது. இதில் ஏற முடியாது என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன்.

அந்தப் பெண்கள் என்னைத் தாத்தா முறை வைத்து அப்புச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். “அப்புச்சி, வேண்டாமுங்க, எறங்கிருங்க” என்று கீழே இருந்து கத்தினார்கள்.

“நீங்கெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடியே மரம் ஏறினவன்டி நானு” என்றேன் மேலே இருந்து.

மிளகு பறிக்கிறவன் கண்ணால் பறிப்பதில்லை. கண் காலடியில் இருக்கும். கை தானாக இலைக்குள் போய்க் கொத்தைத் தடவிக் கிள்ளும். அப்படித்தான் நானும் கையை விட்டேன். கனமான கொத்தாகக் கிடைத்தது, இறுக்கிப் பிடித்து இழுத்தேன். அந்தக் கொத்து கைக்குள் மெத்தென்று நெளிந்தது. ‘புஸ்’ என்று சீறியது. “ஐயய்யோ!” என்று அலறிக்கொண்டு வீசி எறிந்தேன். மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் மேலே தொங்க, அது காப்பிச் செடி மேல் விழுந்து தரைக்கு உருண்டது. ஒரு பச்சோந்தி.

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இறங்கி வருவதற்குள் ஒருத்தி கம்பை ஓங்கிவிட்டாள். “அடிச்சுப் போடோணுமுங்க, அது வெசம்” என்றாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். பரிதாபப்பட்டுத் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். நிஜம் அது இல்லை. ஐந்து பெண்கள் முன்னால் நான் அலறியிருக்கிறேன். அது செத்துப்போனால் கதை என் அலறலோடு முடிந்துவிடும், ஊர் முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அதற்காகத் தடுத்தேன்.

“இதை நான் பழக்கிக் காட்டறேன், பாருங்க” என்று சொல்லிவிட்டு, துண்டைப் போட்டு அமுக்கி எடுத்தேன். பின்னங்கால் ஒன்று துவண்டு தொங்கியது. உடம்பு அடுப்புக் கரி மாதிரி கறுத்துப்போயிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தது.

சாயங்காலம் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டீக்கடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். சும்மா இருப்பேனா? “பத்தே நாளு. அதை என் தோள் மேல உக்கார வச்சு இந்தக் கடைக்குக் கூட்டியாரேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மிளகு மூட்டை அடுக்குகிற அறையில், தக்காளிப் பெட்டி ஒன்றில் அதை விட்டேன். வெட்டுக்கிளி பிடித்துப் போட்டேன். தேங்காய்த் தொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தேன். ஒரு மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து, முதுகோடு பிடித்துத் தூக்கி, தடவிக் கொடுத்தேன். கன்றுக்குட்டியை அப்படித்தான் பழக்குவோம். தொடத் தொடத்தான் பயம் தெளியும். ஆனால் இது என் நிழல் விழுந்தாலே கறுத்தது. உடம்பை ஊதிக்கொண்டு சீறியது. வெட்டுக்கிளியைத் தொடவில்லை. தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்றாம் நாள், குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்கிற அதன் கண் இரண்டும் குழிக்குள் இறங்கிவிட்டன.

டீக்கடையில் தினமும் கேலி. பச்சோந்திக்கு மாப்பிள்ளை என்று பேரே வைத்துவிட்டார்கள். “ஏனுங்க, மாப்பிள்ளை இன்னைக்கும் வரலீங்களா?” என்பார்கள். “வருவாரு, வருவாரு” என்று நானும் சொல்லிச் சமாளிப்பேன்.

அந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அதிகம் பேசாதவள். “ஏனுங்க, இது செத்துப்போயிருமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

என்னமோ அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அது பாட்டுக்குக் கொடியில் உட்கார்ந்திருந்தது. மரத்தில் ஏறி அதன் காலைக் கெடுத்தவன் நான். பிறகு பெட்டியில் அடைத்துப் பட்டினி போட்டவனும் நான். இது செத்தால் அந்தப் பாவம் என்னோடதுதான்.

பெட்டியை ஜீப்பில் வைத்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், நாகர்கோவில் பக்கம். என் மகள் வயதுதான் இருக்கும். ஊசி போட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

“எலும்பு உடையல ஐயா. மூட்டு பிசகி வீங்கியிருக்கு, ஆறிடும். ஆனா இது தண்ணியில்லாம காஞ்சு கிடக்கே.”

“தொட்டாங்குச்சியில தண்ணி வச்சனுங்களே?”

“சிரட்டையில நிக்கிற தண்ணிய இதுக்குத் தண்ணின்னே தெரியாது ஐயா. இலையில சொட்டுற தண்ணியத்தான் நக்கிக் குடிக்கும்.”

அறுபத்தெட்டு வருடமாக மலையில் இருக்கிற எனக்கு இது தெரியாது. விடியற்காலை மஞ்சு இறங்கி இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்போது தோட்டத்தில்தான் நிற்பேன். யார் அதைக் குடிக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எப்படித் தூக்குவீர்கள் என்று கேட்டார். மேலே இருந்து ஒரே பிடியாகப் பிடித்துக் காட்டினேன். உடனே கறுத்துவிட்டது.

“மேல இருந்து வர்றது எல்லாமே இதுக்குப் பருந்துதான் ஐயா” என்றார். பிறகு தன் கையை அதற்கு முன்னால், கொஞ்சம் கீழே, விரலை நீட்டினபடி வைத்தார். “இப்படி, கிளை மாதிரி வைக்கணும். அதுவா வந்தா வரட்டும், வரலைன்னா விட்டுரணும். பழக்கணும்னு பார்க்காதீங்க. நீங்க பக்கத்துல இருக்கும்போது பயப்படாம தின்னுச்சுன்னா அதுவே பெருசு.”

“எத்தனை நாளாகுமுங்க?”

“அத நாம முடிவு பண்ண முடியாது, அதுதான் சொல்லணும்” என்று சிரித்தார். அதோடு விடவில்லை. இதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், வனத்துறையில் சொல்லிவிடுங்கள், கால் ஆறினதும் எடுத்த மரத்திலேயே விட்டுவிட வேண்டும், சந்தைக்கு எல்லாம் கொண்டு போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வீடு திரும்புகிற வழியிலேயே வனக்காவலரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடமும் போனில் கேட்டுக்கொண்டு, மூன்று வாரம் கழித்து வருவதாகவும், தன் எதிரில்தான் விட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நன்றாகப் பிடித்து ஏறக் கால் தயாராகாவிட்டால் அது மரத்தில் பிழைக்காது, தரையில் விழுந்தால் நாயும் காக்கையும் விடாது என்றும் சொன்னார்.

களத்து ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கொய்யாச் செடி இருக்கிறது. பேரனுக்கு வாங்கின பழைய கொசுவலையை அதன் மேல் போர்த்திக் கட்டினேன். ஒரு பாட்டிலின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, இலை மேல் சொட்டுகிற மாதிரி தொங்கவிட்டேன். பெட்டியைச் செடியின் அடியில் சாய்த்து வைத்துவிட்டு எட்டி நின்றேன். ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு மூன்று காலால் மெதுவாக ஏறியது. ஒரு இலையில் சொட்டு விழுந்து பளபளத்தது. அதில் வாயை வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. விடாமல் குடித்தது. நானும் அன்றைக்கு மதியச் சோற்றை மறந்து நின்றிருக்கிறேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் வலைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு உட்காருவேன். நேராகப் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் பக்கவாட்டில் திரும்பி உட்காருவேன். அதன் ஒரு கண் என் மேலேயே இருக்கும், இன்னொரு கண் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரி களத்தில் மிளகு கிளறிக்கொண்டே, “பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்கீங்க” என்று சிரித்தாள். அவள் என்னைக் கேலி பண்ணி நான் கேட்டதே இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரிய கஷ்டம் என் தொண்டைதான். போன் வந்து நான் “அலோ” என்றால் செடியில் பச்சையாக இருந்தது கறுத்துவிடும். அதனால் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தேன். பறிப்புக்கு வந்தவர்களிடம் கையாலேயே ஜாடை காட்டி வேலை சொன்னேன். அப்புச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா என்று அவர்கள் வீட்டுக்காரியிடம் விசாரித்திருக்கிறார்கள்.

வலை கட்டின எட்டாம் நாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே வெட்டுக்கிளியைத் தின்றது. ஒரு சாண் நீளத்துக்கு நாக்கு பாய்ந்து திரும்பியதைக் கண் பிடிக்கவே முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் என் விரலில் பிடித்திருந்த வெட்டுக்கிளியையே எடுத்துக்கொண்டது.

அங்கேதான் என் புத்தி கெட்டது. டீக்கடையில் சொன்ன கெடு தாண்டியிருந்தது. தோளில் உட்காராவிட்டால் என்ன, கையிலிருந்து தின்கிறதே, அதைக் காட்டினால் போதாதா? சோளக்காட்டுக்குப் போய் நாலு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாசலில் வழக்கம்போல இரண்டு ஹாரன் அடித்தேன். நாலு பேரும் சிரிப்பும் பேச்சுமாகக் கொசுவலையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வலையைத் தூக்கிக் கையை நீட்டினேன். அது ஒரு நொடியில் கறுத்தது, பின்னால் நகர்ந்தது, அடிபட்ட கால் கிளையைப் பிடிக்காமல் வழுக்கியதில் கீழே விழுந்தது. சருகுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

“இதுதானுங்களா மாப்பிள்ளை? ரொம்பக் கூச்சப்படறாருங்க” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலையை இறக்கிக் கட்டினேன்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், ஆறிக்கொண்டிருந்த மூட்டு மறுபடியும் வீங்கியிருந்தது. மூன்று நாள் ஒன்றும் தின்னவில்லை. வனக்காவலர் வர ஒரு வாரம்கூட இல்லை. என் பெருமைக்காக இரண்டாவது தடவையும் அதைக் கீழே தள்ளிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி பக்கத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அது அந்த ஹாரனுக்கே பயந்திருக்குமுங்க” என்றாள் முறத்தைப் பார்த்தபடியே. “எனக்குமே அந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு திக்குங்கும். என்ன வேலை பாக்கி கெடக்குதோ, எதுக்குச் சத்தம் போடுவீங்களோன்னு. நாப்பது வருசமா அப்படித்தானுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த முறத்தை அள்ளிக்கொண்டாள். ஹாரன் சத்தத்தில் ரேடியோ நிற்பதும், அவள் எழுந்து நிற்பதும், பறிப்புப் பெண்கள் நான் வந்தால் பாட்டை நிறுத்துவதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. என்னைப் பார்த்து நிறம் மாறுகிறது பச்சோந்தி மட்டும் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் முதல் ஒன்றும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்தேன். அது தின்றால் சரி, பிழைத்தால் போதும். கெடுவும் இல்லை, டீக்கடையும் இல்லை. நாலாம் நாள் மறுபடியும் தின்ன ஆரம்பித்தது. வீக்கமும் வற்றியது.

வனக்காவலர் வருவதாகச் சொன்னதற்கு முதல் நாள் காலை. மஞ்சு இன்னும் விலகவில்லை, களம் நனைந்து கிடந்தது. வலைக்குள் கையை விட்டு, டாக்டரம்மா காட்டின மாதிரி அதற்கு முன்னால் கீழே வைத்தேன். வெட்டுக்கிளி ஒன்றும் கொண்டுபோகவில்லை. வழக்கத்துக்கு வைத்தேன், அவ்வளவுதான். ஒரு கண் என் கையைப் பார்த்தது. இன்னொரு கண் என் முகத்தைப் பார்த்தது. முன்னங்காலைத் தூக்கி, என் விரல் மேல் வைத்து, எடுத்துவிட்டது. நான் மூச்சுவிடவில்லை. மறுபடியும் வைத்தது. இந்தத் தடவை எடுக்கவில்லை. முன்னும் பின்னும் ஆடி ஆடி, ஒவ்வொரு காலாக, என் கைக்கு மாறியது. கடைசியாக வந்தது அந்த அடிபட்ட கால். அதுவும் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தது. பிறந்த குழந்தை விரலைப் பிடிக்குமே, அப்படி. சில்லென்று இருந்தது. உடம்பெல்லாம் இளம் பச்சை, பக்கவாட்டில் மஞ்சள் கோடு.

“அம்மிணி, இங்க வந்து பாரு!” என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கத்த வாயெடுத்துவிட்டேன். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கத்தினால் போய்விடும். அது மணிக்கட்டு வரைக்கும் ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, எதிரில் இருந்த கிளைக்கு அதுவாகவே மாறிக்கொண்டது. பார்த்தவர் யாரும் இல்லை.

மறுநாள் வனக்காவலர் வந்தார். பச்சோந்தி உட்கார்ந்திருந்த கொய்யாக் கிளையை அப்படியே வெட்டி, பழைய சில்வர் ஓக் மரத்தில் கொடியோடு சேர்த்துச் சாய்த்தோம். அது நாலு காலாலும் பிடித்து ஏறியது. எட்டடி போனதும் நின்றது. ஒரு கண் மேலே பார்த்தது, ஒரு கண் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தது. இல்லை, என்னைத்தான் பார்த்தது என்று நான் வைத்துக்கொண்டேன். பிறகு மிளகு இலைக்குள் போனதும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“பழகுச்சுங்களா ஐயா?” என்று அவர் கேட்டார்.

“கால் நல்லாயிருச்சுங்க” என்றேன்.

டீக்கடையில் கேட்டபோது, தோற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் யாராவது மாப்பிள்ளையை விசாரிக்காமல் இருப்பதில்லை. அது என் கையில் ஏறினதை இந்த மூன்று வருடத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன். வீட்டுக்காரிக்கும் இதைப் படித்துக் காட்டினால்தான் தெரியும்.

வாசலில் ஹாரன் அடிப்பதை அந்த வாரமே நிறுத்திவிட்டேன். ஆனால் நாற்பது வருடப் பழக்கம் லேசில் போகுமா? ஜீப் சத்தம் கேட்டதுமே ரேடியோ நின்றுவிடும். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, போடச் சொல்லவும் இல்லை. அது ஆகிறபோது ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வருடம் ஒரு சாயங்காலம் உள்ளே நுழைந்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் தூக்கி, “வந்துட்டீங்களா?” என்றாள். பாட்டு முடிகிற வரைக்கும் நான் கதவோரமாகவே நின்றேன்.

நீ என்ன சம்பாதித்தாய் என்று யாராவது கேட்டால் தோட்டம், களம், ஜீப் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் மனதுக்குள், என் சுண்டுவிரலைப் பிடித்த அந்தச் சில்லென்ற காலையும், நான் உள்ளே வந்த பிறகும் நிற்காமல் பாடின அந்தப் பாட்டையும்தான் முதலில் வைத்துக்கொள்கிறேன்.